மிச்சம் இருந்த சாவி

என் பெரியம்மா பல் செய்கிறவர். பிடுங்குகிறவர் இல்லை, செய்கிறவர். பல் டாக்டர்கள் ஆட்களின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். பெரியம்மா அதற்குப் பொருத்தமாக மேல்வரிசை, கீழ்வரிசை, ஒற்றைப் பல் என்று செய்து டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார். "இந்தத் தெருவுல பாதிப் பேர் சிரிக்கிறது என் சிரிப்பு" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. ஸ்டாக் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

காலை ஏழிலிருந்து மதியம் ஒன்று வரை அந்த வேலை. ஒரு மணிக்கு மேல் அவர் வேறு ஆள். மாடி அறைக்குப் போய்ப் பழைய பொம்மை ரயில் என்ஜின்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பொம்மை என்று நான் எழுதுவதைப் பார்த்தால் காதைத் திருகுவார். "சின்னதா செஞ்ச நிஜம்" என்பது அவர் கட்சி. அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த என்ஜின்கள்தான் அவருக்குப் பிடிக்கும். பின்னால் வந்ததெல்லாம் சக்கரம் வைத்த சோப்பு டப்பா.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்றால், தன் அப்பாவுக்குப் பல்செட் வாங்க வந்த ஒருத்தர், கூடவே புகைபோக்கி உடைந்த ஒரு என்ஜினையும் கொண்டுவந்து, "இதுக்கும் ஒரு பல்லு கட்டுவீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். பெரியம்மாவுக்கு விளையாட்டு புரியாது. ஈறு செய்கிற பிசினில் புகைபோக்கி வார்த்து, கறுப்படித்து, தேய்த்து, பொருத்திக் கொடுத்துவிட்டார். எது பழசு எது புதுசு என்று கொண்டுவந்த ஆளுக்கே தெரியவில்லையாம். அது ஆகி இருபத்திரண்டு வருடம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பாக்க வந்தவங்க எல்லாம் வாயை மூடியே பேசினாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படி?" என்பார்.

ஒன்பதாம் வகுப்பு என்னை இரண்டு வருடம் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டது. அம்மா என்னைத் தன் அக்கா வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். "நாலு நாள் வச்சிருந்து பாருக்கா, அப்புறம் நீயே என்கிட்ட அழுவே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். நாலு நாள் எட்டு மாதமானது. யாரும் அழவில்லை.

மாடி அறைக்குள் நான் வரலாம், எதையும் தொடக்கூடாது. "கை ரெண்டையும் பின்னாடி கட்டிக்கோடி. மூச்சு வேணா விட்டுக்கோ." முதல் தடவை அங்கே வருகிறவர்கள் இரண்டு அடி வைத்ததும் நின்றுவிடுவார்கள். இடது பக்கச் சுவர் முழுக்க சுண்ணாம்புத் தாடைகள், தீர்ந்துபோன வேலைகளின் அச்சுகள், வரிசை வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு. வலது பக்கச் சுவர் முழுக்க என்ஜின்கள். நடுவில் பெரியம்மா, நெற்றியில் விளக்கு, கண்ணில் பூதக்கண்ணாடி. ஒரு நாள் அவர் கீழே போன நேரத்தில் ஒரு கீழ்த்தாடையைச் சரக்குப் பெட்டியில் ஏற்றித் தண்டவாளத்தில் சுற்ற விட்டேன். திரும்பி வந்தவர் இரண்டு சுற்று நின்று பார்த்தார். "டிக்கெட் எடுத்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அந்த அறையில் சேட்டை செய்யவே எனக்கு மனசு வரவில்லை. பயப்படாத ஆளிடம் என்ன லாபம்?

பயம் எனக்குத்தான் வந்தது. அந்த அறையில் மதியத்தில் சும்மா நின்றால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்சம் கழித்து வேறு மூலையிலிருந்து இன்னொன்று. சில பழைய என்ஜின்களின் உலோகம் வார்க்கும்போதே கலப்படமாகிப் போயிருக்குமாம். வெளியே பளபள என்று இருக்கும். உள்ளே வருடக்கணக்காக வீங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் யாரும் தொடாமலே விரியும். பெரியம்மா அதைச் 'சொத்தை' என்பார். சொத்தை பிடித்தவற்றைத் தனி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். மற்ற என்ஜின்களுக்குத் தொற்றாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் பூட்டு.

அப்புறம் முடி. எந்த வீட்டுத் தரையில் ஓடிய என்ஜினாக இருந்தாலும் அதன் சக்கர அச்சில் முடி சுற்றியிருக்கும். அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய தலைகளின் முடி. ஊசி முனை இடுக்கியால் பெரியம்மா அதைச் சுற்று சுற்றாகப் பிரித்து எடுப்பார். நீளமான கறுப்பு, சுருட்டை, குழந்தை முடி. வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போடுவார்கள். இவர் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, நாள் எழுதி, என்ஜினோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். துரு, உடைந்த திருகு, மக்கிப்போன கம்பித்துண்டு, எல்லாமே உறையில் போகும். வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "உங்க வீட்டுலேருந்து வந்தது. என்கிட்ட எதுக்கு?" என்பார். யார் வீட்டுப் பொருளும் தன்னிடம் தங்கக்கூடாது. அதில் அவர் ரொம்பக் கறார்.

இன்னொரு கறார், சாவி என்ஜின் விஷயத்தில். மின்சாரம் இல்லாமல், சாவி கொடுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகி, அது தளரத் தளர ஓடுகிற வகை. இறுகின ஸ்பிரிங்கோடு அதைப் பிரித்தால் அது பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வெளியே வரும். அப்படிப் பிரித்துப் புருவத்தில் பாதியை இழந்த ஒருத்தர் எங்கள் வீட்டுக்கு வருவார். எப்போதும் லேசாக ஆச்சரியப்பட்ட மாதிரியே இருப்பார். அதனால் சாவி என்ஜின் எது வந்தாலும், பெயர் கேட்பதற்கு முன்னால் பெரியம்மா அதன் ஸ்பிரிங்கை இறக்கிவிடுவார். சக்கரத்தில் கட்டைவிரலை வைத்து, நிறுத்தும் குச்சியைத் தள்ளி, மெதுவாக உருள விட்டு. இதற்கு அவர் யோசிப்பதே இல்லை. விரல் செய்துவிடும்.

அந்த விரல்தான் மாட்டிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மதியம் லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் வந்தார். நாற்பது வயது இருக்கும். சீருடையெல்லாம் கிரீஸ். கயிறு போட்டுக் கட்டின செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

"என்ன பிரச்சினை?" என்றார் பெரியம்மா.

"ஓடுதுங்க."

"நல்லதுதானே."

"இல்லங்க, அதான் பிரச்சினை. இனிமே ஓடக்கூடாது. அப்படிப் பண்ணிக் குடுங்க."

"நல்லா இருக்கற பல்லைப் புடுங்கச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

"சொன்னா சிரிப்பீங்க. ஒரு லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு இருக்காங்க, நான் ஓடணும். அப்புறம் பேசறேன்." வாசல் வரை போனவர் திரும்பி, என்னைப் பார்த்து, "கயித்தை அவுக்கும்போது கதவைச் சாத்திக்கோம்மா" என்றார். படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிவிட்டார்.

நான் கதவைச் சாத்தவில்லை. உள்ளே இருப்பது வெளியே வந்தால் வரட்டும் என்று திறந்தே வைத்தேன்.

உள்ளே உள்ளங்கை நீளத்தில் ஒரு கரும்பச்சைத் தகர என்ஜின். சாவி சொருகியே இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. "வெயில்ல வச்சிருக்காங்க, பாவிங்க" என்று முனகிக்கொண்டே பெரியம்மா அதைக் கவிழ்த்தார். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி கெட்டியாகிக் கிடந்தது. நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டார். "மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவினியா இல்லயா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே கட்டைவிரலைச் சக்கரத்தில் வைத்தார். குச்சி முன்னமே தள்ளித்தான் இருந்தது.

சக்கரம் அவர் விரலடியில் உருள ஆரம்பித்தது. நான் நிறைய ஸ்பிரிங் இறங்கிக் கேட்டிருக்கிறேன். எல்லாம் அவசரமாக, விட்டால் போதும் என்று ஓடும். இது அப்படி இல்லை. நிதானமாக, யாரோ படியேறி வருகிற மாதிரி, ஒவ்வொன்றாக. அரை நிமிடம் இருக்கும். நின்றது. நின்ற பிறகு இன்னொரு கால் சுற்று, தானாக, மெதுவாகப் போய் முடிந்தது. என் கை முடியெல்லாம் எழுந்து நின்றது.

"சாவி குடுத்தபடி விட்டிருக்காங்களே" என்றார் பெரியம்மா. அச்சிலிருந்து ஒரே ஒரு நரைமுடி கிடைத்தது. உறையில் போட்டு நாள் எழுதினார்.

மறுநாள் மதியம் மெக்கானிக் வரவில்லை. அவர் அம்மா வந்தார். சின்ன உருவம். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்து, பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பெரியம்மா திடுக்கிட்டார். அந்த மேல்வரிசை இவர் செய்தது. தன் சிரிப்பு தன்னைப் பார்த்துச் சிரித்தால் யாருக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும்.

"என் பையன் ஒண்ணைக் கொண்டுவந்து குடுத்தானாமே. சாவியைத் தொட்டுட்டீங்களா?"

பெரியம்மா, "ஏம்மா?" என்றார்.

"தொடாதீங்க. அது அவர் குடுத்த சாவி."

அவர் சொன்னது இது. அவருடைய வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த என்ஜின்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம் அதைத் துடைத்து, சாவி கொடுத்து, அலமாரிப் பலகையில் வைத்து, குச்சியைத் தள்ளினார். ஓடவில்லை. "எண்ணெய் காஞ்சிருக்கு, எழுந்து பாக்கறேன்" என்று படுத்தார். எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்து பத்தாம் நாள் மதியம் மூணே முக்காலுக்கு, இந்த அம்மா தனியாக அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது, என்ஜின் ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது.

"அதுக்கப்புறம் வெயில் இருக்கற நாளெல்லாம் நகருது. மூணே முக்கால், மூணு அம்பது. பலகை முடிஞ்சா எடுத்து மறுபடி முதல்ல வைப்பேன். சாவியை மட்டும் தொட்டதில்ல."

"மேற்குப் பக்கம் ஜன்னலாம்மா?" என்றார் பெரியம்மா. குரல் சின்னதாகிவிட்டது.

"ஆமா. வெயில் பட்டா எண்ணெய் இளகுது, கொஞ்சம் விடுது, மறுபடி புடிச்சுக்குது. நான் ஒண்ணும் முட்டாள் இல்லம்மா. ஆவியெல்லாம் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா உள்ள இருக்கற பலம் யாரோடது? அவர் மணிக்கட்டுலேருந்து வந்ததுதானே? மனுஷன் போயிட்டார், அவர் குடுத்தது மட்டும் இன்னும் செலவாகிட்டு இருக்கு." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நின்ன இடத்துல எல்லாம் பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன். இப்ப கோடு கிட்ட கிட்ட வருது. முடிக்கப் போறார். இன்னும் ஒரு பத்து நாள் இருக்குமா? நீங்கதான் சொல்லணும், உங்களுக்குத்தான் கைப்பழக்கம்."

பெரியம்மா மேஜையிலிருந்த இடுக்கியை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"பையன் புது வீட்டுக்குக் கூப்பிடறான். போறேன்னுதான் சொல்றேன். அவர் முடிச்சதும் போறேன். பாதியில எப்படி எழுந்து போறது? அவன் பயந்துக்கிறான். நான் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தா எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைக்கறான். நிறுத்திட்டா வந்துடுவேன்னு உங்ககிட்ட தூக்கிட்டு வந்துட்டான். திருட்டுப் பய." எழுந்து நின்றார். "தூசி வேணா தட்டிக்கோங்க. ஓடற மாதிரியே குடுங்க."

"ஞாயித்துக்கிழமை நானே கொண்டுவரேம்மா" என்றார் பெரியம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

அந்த அம்மா போன பிறகு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, தன் கட்டைவிரலை வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்த தாடைகள் எல்லாம் பல்லைக் காட்டின.

"சொல்லியிருக்கலாமே பெரியம்மா."

"என்னன்னு? உங்க வீட்டுக்காரரோட கடைசிப் பத்து நாளை, தட்டு கழுவினியான்னு கேட்டுக்கிட்டே என் விரல் முடிச்சுடுச்சுன்னா?"

"அப்ப நீங்களே சாவி குடுத்துக் குடுத்துடுங்க. பொய்ப் பல்லு செய்யறீங்க, ஒரு பொய்ச் சாவி செய்ய முடியாதா?"

"பொய்ப் பல்லு பொய்னு அதை மாட்டிக்கறவங்களுக்குத் தெரியும்டி. ஊருக்குத்தான் தெரியக்கூடாது. இது தலைகீழ்."

உறையை எடுத்தார். நரைமுடியைப் பார்த்தார். மறுபடி வைத்தார். எல்லாவற்றையும் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவருக்கு, எடுத்ததிலேயே பெரியதைப் போட உறை இல்லை.

சாயங்காலம் மெக்கானிக் போன் செய்தார். விஷயம் தெரிந்ததும் அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "ரொம்ப நல்லதாப் போச்சுங்க! அப்படியே குடுத்துடுங்க. தானா நின்னுடுச்சுன்னு சொல்லிக்கலாம்." கேட்டதைச் செய்தாகிவிட்டது, கொண்டுபோய் வைத்தால் கதை முடிந்தது. பெரியம்மா போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "ஓடாத என்ஜின் என் கையிலேருந்து வெளிய போனதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை அந்தச் சுவர்களே நம்பியிருக்காது. இருபத்திரண்டு வருடமாக அழுக்கைச் சுரண்டி எடுத்தவர், அழுக்கு செய்ய உட்கார்ந்தார். வேண்டாம் என்ற பொய்ச் சாவியைத் தானே கொடுத்தார்; ஆனால் சுத்தமான எண்ணெய் போட்டால் அது ஒரே மூச்சில் ஓடித் தீர்ந்துவிடும். பிடித்துப் பிடித்து விட வேண்டும். அதற்குப் பல் அடுக்குகிற இளஞ்சிவப்பு மெழுகை எடுத்தார். பழைய எண்ணெயில் உருக்கிக் கலந்து, கறுப்பு சேர்த்து, பல்சக்கரங்களுக்கு நடுவில் ஊசியால் தடவினார். ஜன்னலில் வெப்பமானியை வைத்துக்கொண்டு, மெழுகைக் கூட்டி, எண்ணெயைக் குறைத்து, மறுபடி கூட்டி. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை சக்கரம் அசையவே இல்லை. வியாழக்கிழமை ஒரேயடியாக ஓடி மேஜையிலிருந்து விழப்போனது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவர் கீழே தொலைபேசியில் இருந்தார். நான் மட்டும் மாடியில். ஜன்னல் வெயில் மேஜையில் ஏறி என்ஜினின் முதுகைத் தொட்டது. தெருவில் டயர் கடைக்காரர் அடிக்கிற சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அதுவும் நின்றது. 'டிக்' என்று பூட்டின அலமாரிக்குள் ஏதோ விரிந்தது. என்ஜின் என்னைப் பார்த்து ஒரு விரல்கடை நகர்ந்தது. நின்றது.

மெழுகு எனக்குத் தெரியும். எண்ணெய் தெரியும். சாவிச் சக்கரத்தில் ஏழு பல் தாண்டுகிற அளவு பெரியம்மா சாவி கொடுத்ததை எண்ணியே பார்த்தேன். ரகசியம் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். இருந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டாமல், வாசல் வரை பின்னாலேயே நடந்து போனேன். எத்தனை பேரை எத்தனை விதமாகப் பயமுறுத்தியிருக்கிறேன். பயப்படுகிறவர்கள் முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். என்னை வர வேண்டாம் என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

லிஃப்ட் மெக்கானிக்கின் அம்மா இருந்த கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடி. வீடு முழுக்கக் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள். மெக்கானிக் ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் 'பாத்திரம்', 'துணி' என்று எழுதியிருந்தார். உள்ளறையில் மட்டும் எதுவும் கட்டப்படவில்லை. மேற்கு ஜன்னல், ஒரு நாற்காலி, எதிரே பலகை. பலகை முழுக்க மெல்லிய பென்சில் கோடுகள், நூற்றுக்கணக்கில், சீப்பின் பல் மாதிரி. கடைசியில் இருந்த பத்துப் பதினைந்து கோடுகளுக்கு நடுவில் ஒரு நூல் இடம்தான்.

அந்த அம்மா என்ஜினை இரண்டு கையாலும் வாங்கி, கடைசிக் கோட்டில் முன் சக்கரத்தைச் சரியாக வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் நின்றோம். மகன் வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்: நகரக்கூடாது, நகரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா முகத்தில் என்ன வேண்டுதல் என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

வெயில் பலகையில் நகர்ந்து வந்தது. கோடு கோடாகத் தாண்டி, என்ஜினின் வெளுத்த பக்கத்தைப் பிடித்தது. மூணே முக்கால் தாண்டி இரண்டு நிமிடம்.

என்ஜின் அசைந்தது. 'கிர்' என்று ஒரு சின்னச் சத்தம். நகர்ந்தது, நின்றது. இரண்டு விரல்கடை.

வாசற்படியில் மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது செத்த என்ஜின்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். பென்சிலை எடுக்கவில்லை. அப்புறம் என்ஜினைப் பார்த்து, எங்களைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார்.

"இது அவர் இல்ல. யாரு?"

அந்த 'யாரு'வை இப்போது நினைத்தாலும் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

"நான்தாம்மா" என்றார் பெரியம்மா.

எல்லாவற்றையும் சொன்னார். விரல், பழக்கம், மண்ணெண்ணெய், மெழுகு. ஒன்றையும் விடவில்லை, தட்டு கழுவினியா என்று கேட்டதைக்கூட. "தெரிஞ்சு செய்யல. ஆனா செவ்வாய்க்கிழமை நீங்க கேட்டப்ப சொல்லியிருக்கணும். அது தெரிஞ்சு செஞ்சது."

நான் அழுகையை எதிர்பார்த்தேன், இல்லாவிட்டால் ஏச்சு. அந்த அம்மா, "எந்த விரல்?" என்றார்.

பெரியம்மா வலது கட்டைவிரலை நீட்டினார். அந்த அம்மா அதைப் பிடித்துத் திருப்பி, நுனியைத் தன் விரலால் தடவினார். அதில் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கும் என்கிற மாதிரி.

"போகும்போது எப்படிப் போனார்?"

"நிதானமாத்தாம்மா. அரை நிமிஷம் இருக்கும்."

"சத்தம்?"

பெரியம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை அசைத்தார், நிறுத்தினார். எனக்கு எந்தச் சத்தமும் ஒரு தடவை கேட்டால் வாயில் வந்துவிடும். தலைமை ஆசிரியரின் இருமல் வரைக்கும். அதற்காகத்தான் பாதி அடி வாங்கியிருக்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினேன். ஒவ்வொன்றாக, படியேறுகிற மாதிரி. நின்றது. அப்புறம் அந்தக் கால் சுற்று.

அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டார். "ஆமா" என்றார். "அப்படித்தான் எழுந்து போவார். போயிட்டார்னு நினைச்சா வாசல்ல நின்னு இன்னொரு வார்த்தை." கண்ணைத் திறந்து, "சரி. உன்னோடதை எடுத்துடு" என்றார் பெரியம்மாவிடம்.

பெரியம்மா என்ஜினை ஜன்னல் வெயிலில் கொஞ்ச நேரம் பிடித்து, விரலை வைத்து, தான் கொடுத்த ஏழு பல்லில் மிச்சம் இருந்ததை இறக்கினார். திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா மடியில் வைத்துக்கொண்டு, எட்டு மாதமாகத் தொடாத சாவியைப் பிடித்துத் திருகினார். கடகடவென்று. மணிக்கட்டு நடுங்கியது. விடவில்லை.

"போதும்மா, ஸ்பிரிங் அறுந்துடும்" என்றார் பெரியம்மா.

"இன்னும் ஒண்ணு." திருகினார். குச்சியை இழுத்து மாட்டினார். என்ஜின் அவர் கையில் இறுகி, அசையாமல் இருந்தது. அப்புறம் வாசற்படியைப் பார்த்து, "இந்தா" என்றார்.

மகன் கையை நீட்டவே இல்லை. "எனக்கு எதுக்கும்மா?"

"உனக்குத்தான். நான் இருக்கறப்ப இது எதுக்கு ஓடணும்? மாட்டியே இருக்கட்டும். நான் போனப்புறம் குச்சியை நீ தள்ளி விடு."

"என்னம்மா பேசற நீ!"

"எட்டு மாசம் வந்துது உங்கப்பாவுக்கு. அவர் சும்மா ரெண்டு திருகு திருகினது. நான் நிறைய குடுத்திருக்கேன்." சிரித்தார், பெரியம்மாவின் பற்களால். "அந்தப் பெட்டியில 'பாத்திரம்'னு எழுதாத பெட்டி ஒண்ணு எடு. எப்ப கிளம்பணும்?"

மகன் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அம்மா வருகிறார். ஆனால் என்ஜினைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றவர், குழந்தை பிறந்ததும் முதல் தடவை தூக்கச் சொன்ன ஆள் மாதிரி நின்றார்.

கீழே வரை எங்களோடு இறங்கி வந்தார். முதல் மாடித் திருப்பத்தில் பெரியம்மாவை நிறுத்தினார்.

"அந்த மெழுகு எவ்வளவு நாள் தாங்கும்?"

"குச்சி மாட்டியிருக்கற வரைக்கும் மெழுகுக்கு வேலையே இல்ல."

"தள்ளி விட்டப்புறம்?"

"வெயில் படாத இடத்துல வச்சீங்கன்னா அசையாது. எத்தனை வருஷமானாலும்."

"பட்டா?"

"கொஞ்சம் கொஞ்சமா" என்றார் பெரியம்மா.

அவர் இன்னும் நாலு படி இறங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். ஏதோ அளவுகள். "புது வீட்டுல ஹாலுக்கு மேற்குப் பக்கம்தான் ஜன்னல். பெருசு. சாயங்காலம் கண்ணு கூசுது. திரை தைக்கக் குடுக்கலாம்னு அளவெடுத்து வச்சிருந்தேன்." சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரியம்மாவை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "திரை வேணாம்ல?"

என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நல்ல நக்கலான பதில், ஆளை இரண்டு வாரம் தூங்க விடாது.

"வேணாம்ணே" என்றேன்.